பாறுகளை விரட்டிய மங்கரு

என் தகப்பனார் மங்கரு மஹதோ உட்கார்ந்திருந்து நான் பார்த்தது குறைவு. சாப்பாட்டுக்குக் குந்துவார். பாதியில் எழுந்து முற்றத்துக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். வந்து மீதியைச் சாப்பிடுவார்.

"சோறு பறந்தா போயிடும்? ஒரு வாய் உக்காந்து தின்னா என்ன?" என்பாள் மாய். அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"சோறு எங்கயும் போகாது. அதுங்க போயிடும்" என்பார் பாபா.

அதுங்க என்றால் பாறுக் கழுகுகள். இலவமரத்தில் கூடு கட்டி, செத்த மாட்டைத் தின்று வாழ்கிறவை. நாராயணி ஆற்றுக்கும் காட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர்க் கமிட்டி அவற்றுக்காக ஒரு கொட்டகை வைத்திருந்தது. பால் வற்றிய பசு, ஏர் இழுக்க முடியாத எருது எல்லாவற்றையும் ஜனங்கள் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். அவை மேய்ந்து, மூத்து, தானாகச் சாகும். தோலை உரித்துவிட்டு உடலை வண்டியில் இழுத்துப்போய் ஆற்றுமேட்டில் போட்டால் கழுகுகள் இறங்கும். அந்தக் கொட்டகைக்குக் காவல் பாபா.

வேலை என்று பார்த்தால் காத்திருப்பதுதான். எங்கள் நாட்டில் பசுவைக் கொன்றால் ஜெயில். சாகிற மாட்டுக்கு மருந்தும் கிடையாது. கொட்டகையின் முதல் சட்டம் அது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாட்டுக்குப் போட்ட ஒரு வலி ஊசி எங்கள் பக்கத்துக் கழுகுகளை ஏறக்குறைய முடித்துவிட்டது. அந்த ஊசி மாட்டுக்கு நல்லதுதான். மருந்து உடம்பில் இருக்கும்போதே மாடு செத்து, அதைப் பறவை தின்றால், பறவையின் சிறுநீரகம் நின்றுவிடும். கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருக்கும். பிறகு விழும்.

கழுகுகள் போன பிறகு செத்த மாடுகள் ஆற்றோரம் அழுகிக் கிடந்தன. நாய்கள் தின்றன, பெருகின. அதில் ஒன்று என் சித்தப்பாவைக் கடித்தது. தண்ணீர்ச் சொம்பைக் கண்டு அவர் அலறியதைக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். பல வருஷம் கழித்து, கொட்டகைக்கு ஆள் வேண்டும் என்று கமிட்டி கேட்டபோது, கேட்டவர் பேசி முடிப்பதற்குள் பாபா எழுந்து நின்றார்.

டீக்கடையில் கேலி நடக்கும்.

"எமனோட மாட்டுக்காரன் வர்றான், வழி விடுங்கடா" என்பான் ஜோக்கன். கொட்டகையில் தோல் உரிக்கிறவன். பாபாவை அண்ணன் முறையில் தாஜு என்று கூப்பிடுவான். "தாஜு, நீ செத்தா உன்னையும் ஆத்துமேட்டுலதான் போடப் போறோம். ஆனா என்ன, எலும்பும் தோலுமா இருக்க. ஒரு கழுகுக்குக்கூடக் காணாது."

"உன்னைப் போட்டுப் பாரு. நீ குடிச்ச சாராயத்துக்கு அதுங்க தலைகீழாப் பறக்கும்" என்பார் பாபா. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

பாபாவுக்கு ஒரு பெயர் இருந்தது. எந்த மாடு எப்போது சாகும் என்று சொல்லிவிடுவார். காதைத் தொடுவார், சாணியை மிதித்துப் பார்ப்பார், அசைபோடுவதைக் கவனிப்பார். "இது ஹோலி தாண்டாது" என்றால் தாண்டாது. அதை நம்பித்தான் கமிட்டித் தலைவர் கேதார் பாஜே வெளியூர் விருந்தாளிகளை வரச் சொல்வார். ஆற்றுமேட்டின் ஓரத்தில் புல் வேய்ந்த ஒரு குடில். அதற்குள் ஒளிந்திருந்து, கழுகுகள் தின்பதைப் பார்க்கலாம். உள்ளே போகும்போது எல்லோரும் போனை அணைத்துவிட வேண்டும். ஒருமுறை மணி அடித்து, இறங்கிய கழுகுகள் எல்லாம் எழுந்து போய் அன்று முழுவதும் திரும்பவில்லை. பாபா அன்று போட்ட சட்டம் அது.

நான் ஆற்றுக்கு அக்கரையில் பரத்பூர் டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறேன். பள்ளியில் சக்தி ஓட்டம் என்று ஒரு படம் வரைந்தோம். வெயிலிலிருந்து புல்லுக்கு ஒரு அம்புக்குறி. புல்லிலிருந்து மாட்டுக்கு. மாட்டிலிருந்து கழுகுக்கு. ஒவ்வொரு அம்பிலும் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். பத்தில் ஒரு பங்கு அடுத்தவனுக்குக் கிடைத்தால் அதிகம். அதனால் புல் நிறைய, மாடு கொஞ்சம், கழுகு மிகக் கொஞ்சம். அந்தப் படத்தை பாபாவிடம் காட்டியிருக்கிறேன்.

"கழுகோட நின்னுடுமா?" என்று கேட்டார்.

"கழுகு செத்தா புழு தின்னும். அப்புறம் மண்ணு. அப்புறம் புல்லு."

"அப்ப வட்டமாப் போடேன் நானி." பெண் பிள்ளையை எங்கள் பக்கம் நானி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பொருள்தான் சுத்தும் பாபா. சக்தி சுத்தாது. அது போனாப் போனதுதான்."

"என்னமோ" என்று சொல்லிவிட்டு வானம் பார்க்கப் போனார்.

அந்த வருஷம் தை பிறந்து மாகி பண்டிகை முடிந்தும் கொட்டகையில் ஒரு மாடும் சாகவில்லை. பனி கொட்டியது. இலவமரங்களில் குஞ்சுகள். தாய்ப் பறவைகள் தொலைதூரம் போய் வெறும் இரைப்பையோடு திரும்பின. கீழே நின்று பார்த்தாலே தெரியும். இரை தின்ற கழுகுக்கு மார்பில் ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டைத் தேடி பாபா மரம் மரமாக அலைந்தார்.

கேதார் பாஜே கொட்டகைக்கு வந்து நின்றார். "ஏன்யா மங்கரு, ஒண்ணும் நடக்கலையே?"

"என்ன பண்ணச் சொல்றீங்க பாஜே? மாட்டுக் காதுல போய், செத்துப் போ தாயேன்னு சொல்லவா?"

"சொல்லித்தான் பாரேன். நீ சொன்னா கேக்குமாமே."

தாரி ஒன்றுதான் தரையோடு கிடந்தது. நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ள கிழட்டுப் பசு. ஓடைக்கரையில் சறுக்கி இடுப்பெலும்பு உடைந்திருந்தது. எழ முடியாது. ஆனால் தின்றது, அசைபோட்டது. புண் வராமல் இருக்க பாபா அதைப் புரட்டிப் புரட்டிப் போட்டார். புரட்டும்போதெல்லாம் அது கத்தியது. புரட்டிப் புரட்டி பாபாவின் இடுப்பு வலியும் கூடியது. அந்த வலி பழையது. மருந்துக்கடைக்காரன் கொடுத்த ஊசி மருந்துகளை வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டு, முடியாதபோது போட்டுக்கொள்வார்.

பாபாவின் கால் வீங்கியிருப்பதை மாய் போனில் சொன்னாள். நான் ஸ்கூட்டரில் போய் அவரை பரத்பூருக்குக் கூட்டிவந்தேன். கிளம்பும்போது ஜோக்கனிடம் சொன்னார்: "தாரி இன்னும் பத்து நாள் தாங்கும். நான் நாளைக்கே வந்துடுவேன். புரட்டிப் போட மறந்துடாத."

அவர் ரத்தத்தை நானே எந்திரத்தில் ஓட்டினேன். மறுநாள் காலை முடிவு வந்தது. சிறுநீரகத்தைக் காட்டும் எண் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மறுபடி ஓட்டினேன். அதே எண். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வாசலில் பாபா ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

நாராயணிப் பாலத்தில் அவர் போன் அடித்தது. ஓரமாக நிறுத்தினேன். ஜோக்கனுக்குப் போனில் கத்தித்தான் பேச வரும். எனக்கும் கேட்டது.

"தாஜு, தாரி விடியறப்ப போயிடுச்சு. உரிச்சாச்சு, மேட்டுல போட்டாச்சு. பாஜேவும் விருந்தாளிங்களோட வந்துட்டாரு. நீ மெதுவா வா."

"போயிடுச்சா? எப்படிடா?"

"எப்படின்னா? மூச்சு நின்னுச்சு. உன்னைக் கேக்காம போயிடுச்சேன்னு கோவமா?"

"நான் வர்ற வரைக்கும் போடாத."

"போட்டாச்சுங்கறேன். பனி விலகினா இறங்கிடும். எத்தனை நாள் பட்டினி! சந்தோஷப்படுவியா, அத விட்டுட்டு..." பின்னால் கேதார் பாஜேயின் குரல், யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தது. "சரி, குடிலுக்குள்ள போறோம். போனை அணைக்கணும். உன் சட்டம்தான்."

பாபா வாயைத் திறந்தார். மூடினார். போன் கையிலேயே இருந்தது.

"வேகமாப் போ நானி" என்றார்.

சாலையை அகலப்படுத்துகிறோம் என்று தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்தில் விழுந்து எழுந்து போனோம். முன்னால் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பாபா பின்னால் உட்காரவில்லை. கால்தாங்கியில் கால் ஊன்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, பாதி நின்றபடி கிழக்கைப் பார்த்தார்.

"உக்காருங்க பாபா. வண்டி ஆடுது."

"வெயில் வருதா பாரு."

"நல்லதுதானே? அதுங்க பசியாறும்."

அவர் இன்னும் எம்பிக் கிழக்கைப் பார்த்தார். தாரி சாகும்போது பக்கத்தில் இல்லாத வருத்தம் என்று நினைத்தேன். வேறு பேச்சை எடுத்தால் கொஞ்சம் அடங்குவார் என்று தோன்றியது.

"ரிசல்ட் வந்துடுச்சு பாபா. கிட்னி சரியில்ல. அந்த வலி ஊசிய இனிமே தொடக் கூடாது. எத்தனை வருஷமாப் போடறீங்க?"

தோளில் இருந்த கை இறுகியது.

"தாரிக்கும் அதான் போட்டேன்" என்றார்.

வண்டியை நிறுத்தினேன்.

"எப்ப?"

"நேத்து. நீ வர்றதுக்கு முன்னால."

"நீங்களா?"

"விடாம கத்துச்சு நானி. எனக்கு வலிக்கறப்ப எனக்கு ஊசி இருக்கு. அதுக்கு யார் இருக்கா? பத்து நாள் தாங்கும்னு பாத்தேன். நிச்சயமாத் தாங்கும். அதுக்குள்ள மருந்து மூத்திரத்துல போயிடும்னு நெனச்சேன்."

"ஜோக்கன்கிட்ட இப்பச் சொல்லியிருக்கலாமே!"

"பாஜே பக்கத்துல நின்னாரு. மாட்டுக்கு ஊசி போட்டவன் வீட்டு வாசல்லயெல்லாம் போய் நின்னு மானத்தை வாங்கினவன் நான். சட்டுனு வாயில வரல."

ஜோக்கனைக் கூப்பிட்டேன். அணைக்கப்பட்டிருந்தது. கேதார் பாஜே. அணைக்கப்பட்டிருந்தது. மாயைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் போனை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வயலுக்குப் போகிறவள்.

பனி இருக்கும்வரை கழுகுகள் எழாது. வெயில் மண்ணைச் சுட வேண்டும், சுட்ட காற்று மேலேற வேண்டும், அதில் ஏறித்தான் அந்தக் கனத்த உடம்பு மிதக்கும். பள்ளிக்கூடப் படத்தில் முதல் அம்புக்குறி அது. எங்களுக்கு இருந்த அவகாசமும் அதுதான். காட்டு எல்லை வந்தபோது சாலையில் எங்கள் நிழல் விழுந்தது. பாபா வாய்விட்டுத் திட்டினார், சூரியனை.

மண்பாதை தொடங்கும் இடத்தில் வண்டி சறுக்கியது. அவர் குதித்து ஓடினார். வீங்கிய காலோடு ஒரு மனுஷன் அப்படி ஓடுவதை நான் பார்த்ததில்லை. வேலி வாசலைத் திறக்கவில்லை. கம்பிக்கு நடுவில் புகுந்து போனார், சட்டை கிழிந்தது.

மேட்டில் கழுகுகள் இறங்கியிருந்தன. பெரும்பாலானவை சுற்றிலும் நின்றிருந்தன. துணிந்த சில மட்டும் தாரியின் மேல். பாபா தலைத்துண்டை உருவிச் சுழற்றிக்கொண்டு நடுவில் பாய்ந்தார். சீறின. சிறகை விரித்து இரண்டு கால்களால் தத்தித் தத்தி ஓடின. வயிற்றில் இரை உள்ள கழுகு சட்டென்று எழும்ப முடியாது. பயந்தால் தின்றதைக் கக்கிவிட்டுப் பறக்கும்.

"கக்குங்க! கக்கித் தொலைங்கடி!" என்று பாபா கத்தினார். ஒன்று கக்கியது. இன்னொன்று கக்கியது. "ஆமாடி தங்கம், கக்கு!"

குடிலிலிருந்து கேதார் பாஜே வெளியே வந்தார். அவர் பின்னால் கழுத்தில் கேமரா தொங்க விருந்தாளிகள்.

"மங்கரு! பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? எத்தனை நாள் கழிச்சு இறங்கியிருக்கு!"

பாபா தாரியின் மேல் குறுக்கே கவிழ்ந்து படுத்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. தோல் உரித்த உடம்பு. அவர் சட்டையெல்லாம் ரத்தம்.

"ஊசி போட்ட மாடு பாஜே."

"எவன் போட்டான்?"

"நான்தான். வேற யாரும் இல்ல. நல்லாக் கேட்டுக்கோங்க, நான்தான் போட்டேன்."

இந்தத் தடவை சட்டென்று வாயில் வந்தது. கேதார் பாஜே விருந்தாளிகளைப் பார்த்தார், பிறகு மரங்களைப் பார்த்தார். ஜோக்கன் கேலிக்கு வாயெடுத்து, விட்டுவிட்டு, மண்வெட்டி எடுக்கப் போனான்.

குழி வெட்டினோம், நானும்தான். இடுப்பளவு வந்தது. பாபா போதாது என்றார். மார்பளவு வந்தது.

"தாஜு, தாரியப் புதைக்கிறோமா, கிணறு வெட்டறோமா?" என்றான் ஜோக்கன்.

"நாய் தோண்டக் கூடாது. இன்னும் போ."

தலை மறையும் ஆழத்தில் தாரியை இறக்கினோம். கக்கியதையும் வழித்துப் போட்டு, சுண்ணாம்பு கொட்டி மூடினோம்.

ஆனால் ஒன்று கக்கவில்லை. நானும் பார்த்தேன். தோள்வரை ரத்தம் தோய்ந்த பறவை. தத்தி ஓடி, கஷ்டப்பட்டு எழும்பி, ஆற்றோர இலவமரத்துக்குப் போனது. அதன் மார்பில் மேடு இருந்தது.

அன்றிலிருந்து பாபா வீட்டில் தங்கவில்லை. சாப்பிட வருவார், கையில் வாங்கிக்கொண்டு நடப்பார். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார், கழுத்து நேராக இருக்கிறதா என்று. முதல் நாள் நேராக இருந்தது. பரத்பூருக்குத் திரும்பியிருந்த எனக்குப் போனில் சொன்னார். மறுநாளும் நேராகத்தான் இருந்தது. "ஒருவேளை கொஞ்சமாத் தின்னிருக்கும், என்ன நானி?" என்றார். இருக்கலாம் என்றேன். அதற்கடுத்த நாள் அவர் கூப்பிடவில்லை. நான் கிளம்பி வந்தேன்.

பறவை வேருக்கு நடுவில் கிடந்தது. கேதார் பாஜே அழைத்த கால்நடை மருத்துவர் அதை அறுத்தார். சிறுநீரகத்தின் மேல் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளை. மாட்டிலிருந்து கழுகுக்குப் போகும் அம்புக்குறியில் சக்தி பத்தில் ஒன்றாகக் குறையும் என்று படித்தவள் நான். மருந்து குறைவது பற்றிப் பாடத்தில் இல்லை. பாபா அறுத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போ. வீட்டுல இருக்க வேணாம்."

செத்த பறவையின் கூட்டில் ஒரு குஞ்சு இருந்தது. ஜோடியில் மிச்சம் இருந்த ஒற்றைப் பறவை இரை தேடப் போனால் குஞ்சு தனியாகக் கிடந்தது. பாபா அந்த மரத்தடியில்தான் நின்றார். காகத்தைக் கல்லால் அடித்தார்.

கமிட்டி போலீசுக்குப் போகவில்லை. கொட்டகைச் சாவியை வாங்கி ஜோக்கனிடம் கொடுத்தது. ஜோக்கன் தினமும் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"தாஜு, அந்தக் கொம்பு உடைஞ்ச எருது நேத்துலேந்து தின்னல. எத்தனை நாள் தாங்கும்?"

"எனக்குத் தெரியாது."

"சும்மா சொல்லு தாஜு."

"எனக்குத் தெரியாதுடா. நீயே பாரு."

அதற்குப் பிறகு எந்த மாட்டைப் பற்றியும் அவர் சொல்லவில்லை. ஊசி இல்லாததால் இடுப்பு அவரைப் படுக்கவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை. நடந்தார். மாய் அழுதாள், திட்டினாள். வேறு மாத்திரை வாங்கித் தந்தேன். பாதி நாள் விழுங்காமல் தூணிடுக்கில் செருகி வைத்தார்.

வைகாசியில் பரத்பூர் ஆஸ்பத்திரியில் அவருக்கு எந்திரம் வைத்து ரத்தம் சுத்தம் செய்ய ஆரம்பித்தோம். ஊசிக் குழாயோடு கட்டிலில் நாலு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். அவருக்கு அதுதான் பெரிய தண்டனை. கால் மட்டும் போர்வைக்குள் நடந்துகொண்டே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வானம் தெரியாது. கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லி நர்சுகளிடம் சண்டை போட்டார். திருப்பினாலும் சுவர்தான்.

ஜோக்கன் பார்க்க வந்தான். அவலும் நத்தைக் குழம்பும் கொண்டுவந்திருந்தான். குழம்பு அவருக்கு ஆகாது, நான் வாங்கி வைத்தேன்.

"தாஜு, குஞ்சு பறந்துடுச்சு" என்றான்.

"நெசமா?"

"என் கண்ணால பாத்தேன். ஆத்தைத் தாண்டிப் போச்சு."

ஜோக்கன் பொய்யும் சொல்வான். பாபா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேலே கேட்கவில்லை.

கிளம்பும்போது ஜோக்கன் பழைய கேலியை எடுத்தான், வேறு என்ன பேசுவது என்று தெரியாமல். "சீக்கிரம் எந்திரிச்சு வா. இல்லன்னா ஆத்துமேட்டுல இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்."

பாபா சிரித்தார். பிறகு கையிலிருந்த குழாயைக் காட்டினார்.

"மேட்டுல போட்டுடாதடா. ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் எனக்குள்ளதான் இருக்கு. தாரிக்கு வெட்டின மாதிரி வெட்டு."

ஆவணி மழையில் செத்துப்போனார். எங்கள் ஜனம் புதைப்பதுதான் வழக்கம். ஜோக்கன்தான் வெட்டினான். இடுப்பளவு வந்ததும் மற்றவர்கள் போதும் என்றார்கள், ஈர மண் சரிகிறது என்றார்கள். அவன் ஏறி வரவில்லை. மார்பளவு ஆனது. கேதார் பாஜே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அதைக் கீழே வைத்துவிட்டுச் சுண்ணாம்பு மூட்டையை அவிழ்த்தார்.

குழிக்குள் ஜோக்கனின் தலை மறைந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"நானி, இது போதுமா?"

எட்டிப் பார்த்தேன். "இன்னும் போங்க" என்றேன்.